சந்தனப் பொட்டு வைத்த சாம்பார் வாளி

ஒயினை ருசி பார்ப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னால் மல்லிப்பட்டினத்தில் யாராவது நம்புவார்களா? குடிக்கிறதுக்குப் படிப்பு எதற்கு, சட்டைப்பையில் காசு இருந்தால் போதாதா என்றுதான் கேட்பார்கள். குடிக்காமல் இருப்பதற்கு வேண்டுமானால் ஒரு படிப்பு வைக்கட்டும், முதல் ஆளாக என் புருஷனைச் சேர்த்துவிடுகிறேன் என்பாள் காளியம்மாள். அவள் சொன்னால் அதில் நியாயம் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக உத்திராபதியோடு குடித்தனம் நடத்துகிறவள் அல்லவா!

அந்தக் காளியம்மாளின் ஒரே மகள் அபிநயா, தஞ்சாவூரில் விடுதியில் தங்கி கேட்டரிங் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கோட்டை மீன் மார்க்கெட்டில் கேட்கிறவர்களிடமெல்லாம் "எம்மவ சமையல் படிக்கிறா" என்று காளியம்மாள் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு நாள் மகளின் புத்தகத்தைப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் பாட்டில் படம். அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது.

"ஒயின் ஷாப்புக்கு ஒரு படிப்பாடி? உங்கப்பன் இதை எந்தக் காலேஜுல படிச்சாரு?"

"அம்மா, குடிக்கச் சொல்ல மாட்டாங்கம்மா. மோந்து பாத்து, வாயில ஊத்தி, கொப்புளிச்சுத் துப்பணும். அதான் பரீட்சையே."

"துப்புறதுக்கு எதுக்குடி வாங்குறது?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. கடைசியில் அபிநயா காளி கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்காது. இறங்கினால் அன்றோடு காலேஜுக்கு முழுக்கு, மறுநாள் காலையிலேயே மார்க்கெட்டில் அம்மா பக்கத்தில் பலகை போட்டு உட்கார வேண்டியதுதான். காளியம்மாளை ஏமாற்றவும் முடியாது. பத்தடி தள்ளி நின்றே நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுகிற மூக்கு அது.

அபிநயாவுக்கு மீன் விற்பது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனால் புதுச்சேரியில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சி, அது முடிந்ததும் அங்கேயே வேலை என்று வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவருக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்த இடத்தின் மேல் அவளுக்கு வெறி. தூக்கத்தில்கூட அதே நினைப்பு. ஹோட்டலிலிருந்து ஆள் வந்து ஒயின் பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள். எடுத்தால் மட்டும் போதாது, பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். வீட்டில் கையெழுத்து என்றால் அம்மா கையெழுத்துதான். அப்பாவைப் பேனா பிடிக்க விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது.

இனி அந்த வகுப்பு படித்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

ஒயின் பாடம் எடுத்தவர் நாகரத்தினம் சார். இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்து, "இதுல ஒண்ணும் கலக்கலையே?" என்று கேட்டுவிட்டுக் குடிக்கிற மனுஷர். முதல் நாளே ஃபாஜில் என்ற பையன் எழுந்து, "சார், நான் மோந்து பாப்பேன், ஆனா வாயில வைக்க மாட்டேன்" என்றான். "நானும் அப்படித்தான் தம்பி" என்று சார் இறங்கி வந்து கை குலுக்கினார். கையில் ஒரு நோட்டு, அலமாரியில் நாலு காலிப் பாட்டில்கள், அவற்றில் கடுங்காப்பியும் நன்னாரி சர்பத்தும். இதை வைத்துத்தான் மொத்த வகுப்பும் நடந்தது.

"இந்த ஒயின்ல பிளாக்பெர்ரி வாசனை வரும்."

"சார், பிளாக்பெர்ரின்னா எப்படி சார் இருக்கும்?"

சார் கொஞ்சம் யோசித்தார். "நாவப்பழம்னு வச்சுக்கங்க. மேல படிப்போம். தோல் வாசனை வரும்."

"மாம்பழத் தோலா சார்?"

"செருப்புத் தோலுப்பா."

அபிநயாவுக்கு மனப்பாடம் செய்து ஒப்பிப்பது பிடிக்காது. தெரியாத வாசனையை எப்படிச் சொல்வது? ஃபாஜிலைக் கூட்டிக்கொண்டு வாசனை தேடிக் கிளம்பிவிட்டாள். கீழவாசலில் ஒரு செருப்புக்கடைக்குள் நுழைந்து வரிசையாக ஒவ்வொரு செருப்பையும் எடுத்து மோந்து பார்த்தார்கள். கடைக்காரர், "என்ன சைஸ் பாப்பா?" என்று கேட்டார். "சைஸெல்லாம் வேணாண்ணே, வாசனைதான் வேணும்" என்றாள். அந்தக் கடைப் பக்கம் அவர்கள் இன்றுவரை போவதில்லை. வார் வெட்டிய துண்டு ஒன்று மட்டும் கிடைத்தது. தேன்மெழுகு வாசனைக்கு சுவாமிமலைக்கு பஸ் ஏறி, ஒரு சிலைப் பட்டறை வாசலில் நின்று கெஞ்சி ஒரு உருண்டை வாங்கினார்கள். மர அறுவை மில்லில் தேக்குத்தூள், மளிகைக்கடையில் மிளகு. கெட்டுப்போன ஒயினில் ஈரச் சாக்கு வாசனை வரும் என்று நோட்டில் இருந்தது. அதற்கு மட்டும் அலையவே வேண்டாம். அறுப்புக் காலத்தில் மழை பெய்தால் நம் பக்கம் திரும்பின இடமெல்லாம் ஈரச் சாக்குதான். இன்னொரு வகைக் கெட்ட ஒயினில் நனைந்த நாய் வாசனை வருமாம். அதற்காக ஃபாஜில் ஒரு நாயை வாய்க்கால் ஓரமாகத் துரத்திக்கொண்டு போனான். திரும்பி வரும்போது நாய் அவனைத் துரத்திக்கொண்டு வந்தது. அந்த வாசனையை அதோடு விட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சின்னச் சின்னத் தைல டப்பாக்களில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, அபிநயா வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு திறந்து திறந்து மோந்து பார்த்துப் பழகினாள்.

எல்லாம் பழகினார்கள், ஒன்றைத் தவிர. துப்புவதை மட்டும் யாரும் யார் முன்னாலும் பழகவில்லை. நாகரத்தினம் சாருக்குத் தன் எதிரே பிள்ளைகள் துப்புவதைப் பார்க்க முடியாது. "அதை மட்டும் பின்னாடி தொட்டியில போய்ச் செஞ்சுட்டு வந்துடுங்கப்பா" என்று அனுப்பிவிடுவார். பிள்ளைகளுக்கும் அதுதான் சௌகரியம். பெரியவர்கள் எதிரே துப்பினால் கன்னம் பழுத்துவிடும் என்று வளர்ந்த பிள்ளைகள்தானே.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஹோட்டலிலிருந்து அனுசுயா மேடம் வந்தார். ஜீன்ஸ் போட்டு, நுனிநாக்கு இங்கிலீஷோடு ஒரு பெண் வருவாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, மூக்குத்தி. பார்த்ததும் காலில் விழலாமா என்று தோன்றும். நல்லக்கண்ணு என்ற பையன் விழுந்தே விட்டான்.

போதாக்குறைக்கு நாகரத்தினம் சார் ஒரு காரியம் செய்திருந்தார். துப்புவதற்குத் தனிப் பாத்திரம் காலேஜில் இல்லாததால், மெஸ்ஸிலிருந்து எவர்சில்வர் சாம்பார் வாளியை எடுத்து வந்து புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, பிள்ளைகளுக்கு நல்லது நடக்க வேண்டுமே என்று மேஜை மேல் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கார்க் திருகிக்கு ஒரு பொட்டு. தட்டுக்கு ஒரு பொட்டு. வைத்த கையோடு வாளிக்கும் மூன்று பொட்டு வைத்துவிட்டார்.

குங்குமம் வைத்த பாத்திரத்தில் துப்புவானா ஒருத்தன்?

வாயில் வைக்க மாட்டேன் என்ற ஃபாஜிலுக்குப் பரீட்சை இல்லை, போனோடு ஓரமாக நின்றான். முதலில் நல்லக்கண்ணு போனான். வாயில் ஊற்றினான், கொப்புளித்தான், வாளியைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், மடக்கென்று முழுங்கினான். அடுத்து வந்த ஐந்து பேரும் அதே. ஆறு பேரும் "பிளாக்பெர்ரி, தோல், பிரமாதம் மேடம்" என்று ஒப்பித்துவிட்டு வெளியே போனார்கள். காலி வயிறு, பழக்கமும் இல்லை. வெளியே நல்லக்கண்ணு தூணைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவைப் பாக்கணும் போல இருக்குடா" என்று விசும்பிக்கொண்டிருந்தான்.

ஏழாவது அபிநயா.

கண்ணாடிக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் அவளுக்குச் சுருக்கென்றது. என்னவோ சரியில்லை. சட்டப்படி வாயிலும் வைத்துப் பார்க்க வேண்டுமே, ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். கொப்புளித்தாள். வாளியைப் பார்த்தாள். மூன்று பொட்டும் அவளைப் பார்த்தன.

முழுங்கலாமா? காளி கோயில் சூடம் கண்முன் வந்தது. துப்பலாமா? குங்குமம். அதற்கு மேல் மல்லிகைப்பூவோடு மேடம். பேசலாமா? வாய் நிறைய ஒயின்.

"சொல்லும்மா, உன் பேர் என்ன?"

"ம்ம்ம்."

"எந்த ஊரு?"

"ம்ம்ம்ம்ம்."

நாகரத்தினம் சாருக்கு வேர்த்துக் கொட்டியது. "நல்லாப் பேசுற பொண்ணு மேடம். நிறுத்தவே மாட்டா மேடம். இன்னிக்கு என்னன்னு தெரியலை..."

அபிநயாவுக்குக் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா போகும் என்று அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட முடியாது, வாய் திறந்துவிடுமே! அப்போதுதான் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய் டப்பாக்களை அள்ளி மேஜை மேல் பரப்பியது. நாவப்பழ டப்பாவைத் திறந்து மேடத்தின் மூக்கருகே நீட்டினாள். கையை உயர்த்தி, இவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்டினாள். பிறகு கையைக் கீழே இறக்கி, இவ்வளவுதான் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கப் பார்த்து, ஆபத்தை உணர்ந்து நிறுத்திக்கொண்டாள். செருப்பு வாரைக் காட்டினாள். மிளகைக் காட்டினாள். கடைசியாக ஈரச் சாக்கு டப்பாவைத் திறந்து மேடத்தின் முன் வைத்து, பாட்டிலைக் காட்டி, கையை விரித்து, தலையில் அடித்துக்கொண்டாள்.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அட! அது கெட்டுப்போன பாட்டில்தான். வேணும்னேதான் கொண்டுவந்தேன். உனக்கு முன்னாடி ஆறு பேரு பிரமாதம்னுட்டுப் போனாங்களே!" என்றார். "சரி சரி, முதல்ல துப்பு."

அபிநயா வாளியைக் காட்டினாள். மேடம் வாளியைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். சார் தலையைச் சொறிந்துகொண்டே வந்து, கைக்குட்டையால் மூன்று பொட்டையும் துடைத்து, கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இப்ப துப்பலாம்மா. இப்ப வெறும் வாளிதான்."

அப்போதும் அவளுக்குத் துப்ப வரவில்லை. மேடம் புரிந்துகொண்டு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். "நான் பாக்கலை." சாரும் திரும்பினார். ஃபாஜிலும் திரும்பினான். ஆனால் காலேஜ் குரூப்பில் போடுவதற்காக ஆரம்பத்திலிருந்தே அவன் பிடித்துக்கொண்டிருந்த போன் மட்டும் திரும்பவில்லை. அபிநயா துப்பினாள். அவசரத்தில் பாதி வாளியிலும் பாதி கோட்டின் கையிலுமாக விழுந்தது.

இடம் அவளுக்குத்தான். திங்கட்கிழமைக்குள் பெற்றோர் கையெழுத்தோடு படிவம் வந்து சேர வேண்டும் என்றார் மேடம்.

அம்மாவின் மூக்கைப் பற்றி அபிநயாவுக்குத் தெரியாதா என்ன? பஸ் ஸ்டாண்டில் ஏலக்காய் மென்றாள், சோடாவில் கொப்புளித்தாள், பட்டுக்கோட்டையில் பஸ் மாறும்போது வெங்காயப் பஜ்ஜி நாலு தின்றாள். வாயை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தாள். வாயைத்தான் நினைத்தாளே தவிர, பைக்குள் சுருட்டி வைத்த கோட்டை நினைக்கவில்லை.

வீட்டில் உத்திராபதி பிய்ந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மகள் பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அந்த நேரம் பார்த்து மார்க்கெட்டிலிருந்து காளியம்மாள் வந்தாள். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால். மூக்கு விடைத்தது.

"யோவ்! விளக்கு வைக்கிற நேரம், வெள்ளிக்கிழமை, பொண்ணு வேற வர்ற நாளு. இன்னைக்குமாய்யா?"

"சத்தியமா இல்ல காளி! இன்னைக்குத் தொடவே இல்ல."

"அப்ப இந்த வாசம்?"

உத்திராபதியும் மோந்து பார்த்தார். நிஜமாகவே அவர் அன்று தொடவில்லை. வாழ்க்கையில் அபூர்வமாக உண்மை பேசுகிற சந்தோஷத்தில், "நீயே பாரு, இது நம்ம கடைச் சரக்கே இல்ல. இது வேற. திராட்சையில போட்டது" என்றார்.

"கேட்டியாடி! வாசத்தை வச்சே எதுல போட்டதுன்னு சொல்றாரு, இவரு குடிக்கலையாம்!"

உத்திராபதி திருதிருவென்று விழித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பைக்குள்ளிருந்து வெள்ளைக் கோட்டின் கை ஒன்று வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, சிவப்புக் கறையோடு. மகளைப் பார்த்தார். முகம் கழுவிய ஈரத்தோடு கதவருகே நின்றவளின் முகத்தில் ரத்தமே இல்லை. காலால் பையை மெதுவாக வலைக்கு அடியில் தள்ளினார்.

"ஆமா காளி. குடிச்சேன்."

"பாத்தியா! பாத்தியா!" காளியம்மாள் கத்தினாள். "இந்த ஆளோட இருந்து நீயும் சீரழியாதடி. அந்தப் புதுச்சேரி இடம் கெடைச்சுதா? கெடைச்சுதுல்ல? கொண்டா அந்தக் காகிதத்தை. நீயாவது போய் நல்லா இரு."

படிவம் கைக்கு வந்தது. பேனாவும் வந்தது. காளியம்மாள் உட்கார்ந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். அபிநயா ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதில்தான் அன்று அவளுக்குப் பரீட்சையே நடந்திருந்தது. ஆனால் வலைக்குப் பின்னால் அப்பா செய்யாத தப்புக்குத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அம்மா, அப்பா குடிக்கலை. வாசம் எங்கிட்டேர்ந்துதான் வருது."

பேனா அப்படியே நின்றது.

"ஆனா நான் குடிக்கலைம்மா! வாயில வச்சிருந்தேன். அஞ்சு நிமிஷம். முழுங்கவே இல்ல."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, உலகத்தில் இதைவிட நம்ப முடியாத பொய் இருக்க முடியாது. காளியம்மாள் எழுந்தாள். "வாயை ஊது." ஊதினாள். வெங்காயமும் ஏலக்காயும் பஜ்ஜியும், அவற்றுக்கு அடியில் அதுவும். காளியம்மாளின் கண் நிறைந்துவிட்டது. "சூடத்தை அணைச்சியேடி..."

அபிநயா வேறு வழியில்லாமல் போனை எடுத்து ஃபாஜில் அனுப்பிய வீடியோவைப் போட்டு நீட்டினாள்.

காளியம்மாள் பார்த்தாள். முதல் நிமிஷம் முறைத்துக்கொண்டே பார்த்தாள். "ம்ம்ம்" வந்தபோது உதடு துடித்தது. மகள் தலையில் அடித்துக்கொண்ட இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் வாளிப் பொட்டைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது தாங்க முடியாமல் மீன்கூடை மேலேயே சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பப் போடச் சொல்லி மூன்று தடவை பார்த்தாள்.

"அது என்னடி டப்பாவுல, சாக்கா?"

"அது கெட்டுப்போன ஒயின்மா. ஆறு பேரும் நல்லாருக்குன்னுட்டாங்க. நான் மட்டும்தான் கண்டுபிடிச்சேன்."

காளியம்மாளின் முகம் மாறியது. "கெட்டதை நல்லதுன்னு சொன்னாங்களா? மூக்கை எங்க அடகு வச்சாங்க?" என்றாள். அவளுக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள். "இந்தாய்யா. குடிச்ச அன்னைக்கெல்லாம் குடிக்கலைம்ப. குடிக்காத அன்னைக்கு எதுக்குய்யா குடிச்சேன்னு சொன்ன?"

உத்திராபதி வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குடிக்கலைன்னா நீ நம்ப மாட்ட. குடிச்சேன்னா நம்புவ. பிள்ளை போகட்டுமேன்னுதான்."

காளியம்மாள் மூக்கைச் சிந்தினாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பிறகு படிவத்தையும் பேனாவையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"நீயே போடு. தகப்பன்னு போட்டிருக்குல்ல."

உத்திராபதி பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் போட்டார். காகிதம் நகராமல் காளியம்மாள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கவில்லை. போட்டு முடித்து, தள்ளிப் பிடித்து ஒரு தடவை பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார்.

"ஏம்மா," என்றார் அவர், குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு. "அந்தக் கெட்டுப்போன பாட்டிலை என்ன செஞ்சாங்க? கீழேயா கொட்டிட்டாங்க?"